மைக்ரேன் மருந்தை மூக்கு வழியே நானோவில் அனுப்ப வேண்டுமா? முதலில் கணக்குப் போடுங்கள்

ஃபார்மசூட்டிக்ஸ் எடுத்து எம்.ஃபார்ம் படிக்கிற ஒரு வகுப்பில் நுழைந்து ப்ராஜெக்ட் தலைப்பு என்னவென்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவராவது "மூக்கு வழியாக மூளைக்கு, நானோ கேரியரில்" என்பார். நானோ கேரியர் என்றால் மருந்தைச் சுமந்து செல்லும் மிகச் சிறிய துகள் அல்லது துளி. மருந்தின் பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். அதில் மைக்ரேன் மருந்துகளுக்கு எப்போதும் கிராக்கி, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது: தலைவலி உச்சத்தில் இருக்கும்போது இரைப்பை மந்தமாகிவிடும், போட்ட மாத்திரை கரைந்தாலும் குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும், பலருக்கு அது வாந்தியோடு வெளியே வந்துவிடும். டிரிப்டான் வகை மைக்ரேன் மருந்துகளில் ஒன்றான சுமட்ரிப்டானை வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சுமார் 15 சதவீதம்தான். அதையே தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் 95-க்கும் மேல். ஊசி வேண்டாம், மாத்திரையும் சரிப்படவில்லை என்றபோதுதான் மூக்கின் பக்கம் பார்வை திரும்பியது.

அமெரிக்காவில் டைஹைட்ரோஎர்கோட்டமின், சுமட்ரிப்டான் இரண்டின் மூக்கு ஸ்ப்ரேக்களுக்கும் 1997-இல் அனுமதி கிடைத்தது. 2003-இல் சோல்மிட்ரிப்டான் வந்தது, 2016-இல் சுமட்ரிப்டான் தூள், 2023-இல் ஜாவெஜெபன்ட். இந்த வரிசையைப் பார்த்தீர்களா? எல்லாமே சாதாரணக் கரைசல் அல்லது தூள். ஒன்றில்கூட நானோ கேரியர் கிடையாது. அதனால் வேலையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் ப்ராஜெக்ட் போட்டி போட வேண்டியது மாத்திரையோடு அல்ல, ஒரு சாதாரண ஸ்ப்ரே கரைசலோடு. இது மனதில் பதிந்தால் பாதித் தவறுகள் தாமாகவே குறையும்.

(மைக்ரேன் உள்ளவர் யாராவது மாத்திரையைப் பொடித்து மூக்கில் விடலாமா என்று தேடி இங்கே வந்திருந்தால்: வேண்டாம். மாத்திரையில் உள்ள மற்ற சரக்குகள் மூக்குச் சவ்வுக்கு ஆகாது, டோஸும் தெரியாது, இதய நோய் இருப்பவர்களுக்கு டிரிப்டான் எந்த வழியில் போனாலும் ஆபத்து. மருத்துவரிடம் ஸ்ப்ரே பற்றிக் கேளுங்கள், அது போதும்.)

பேனாவும் பேப்பரும்தான் முதல் கருவி

லேபுக்குள் நுழையும் முன் ஒரு கணக்கு. ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு தடவைக்கு 100 மைக்ரோலிட்டர் விடலாம், மிஞ்சிப் போனால் 150. அதற்கு மேல் விட்டால் முன்பக்கம் ஒழுகும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்கும். தொண்டையில் இறங்கியதை நோயாளி விழுங்கிவிடுவார், அப்புறம் நீங்கள் செய்தது விலை கூடிய ஒரு வாய்மருந்துதான்.

சோல்மிட்ரிப்டான் ஸ்ப்ரேயில் 100 மைக்ரோலிட்டருக்குள் 2.5 அல்லது 5 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு குறைந்தது 25 மில்லிகிராம். சுமட்ரிப்டானில் அதே 100 மைக்ரோலிட்டரில் 20 மில்லிகிராம், மில்லிலிட்டருக்கு 200. இப்போது நீங்கள் படித்து வைத்திருக்கும் நானோ துகள் பேப்பர்களை எடுத்து, இறுதி டிஸ்பர்ஷனில் (துகள்கள் மிதக்கும் திரவத்தில்) மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும், பல பேப்பர்களில் அந்த எண்ணை நீங்களே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஒரு மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு ஸ்ப்ரேயில் போவது 0.1 மில்லிகிராம், 2.5 மில்லிகிராம் டோஸுக்கு இருபத்தைந்து தடவை அடிக்க வேண்டும். தலைவலியில் சுருண்டு கிடக்கிற மனிதரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"நானோவில் போட்டால் டோஸே குறையும் சார்" என்பார்கள். குறையலாம். ஆனால் அது ப்ராஜெக்ட் முடிவில் தரவு சொல்ல வேண்டிய விஷயம், தொடக்கத்தில் நாம் நம்பிக்கொண்டு கிளம்ப வேண்டிய விஷயம் அல்ல. இருபத்தைந்தில் ஒரு பங்கு டோஸ் போதும் என்று எலியை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது.

ஆகவே டோஸ் குறைவான மருந்தாகப் பாருங்கள். சோல்மிட்ரிப்டான், நராட்ரிப்டான் இரண்டும் 2.5 மில்லிகிராம் வட்டாரம், டைஹைட்ரோஎர்கோட்டமின் மூக்கு வழி 2 மில்லிகிராம். சுமட்ரிப்டான் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். இன்னொரு கண்ணி ஃப்ளூனரிசின். கொழுப்பில் அருமையாகக் கரையும், எந்த லிப்பிட் கேரியரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், என்ட்ராப்மென்ட் (கேரியருக்குள் அடங்கும் மருந்தின் சதவீதம்) எண்களைப் பார்த்தாலே ஆசை வரும். ஆனால் அது வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்து இல்லை. தினமும் சாப்பிட்டு மைக்ரேன் வராமல் தடுக்கிற மருந்து, உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். அதை ஐந்து நிமிடத்தில் மூளைக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம் என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது.

மூளைக்கு ஏன் போக வேண்டும்?

இதையும் தலைப்பு வைக்கும் முன்பே யோசிக்க வேண்டும், பலரும் யோசிப்பதில்லை. மைக்ரேன் என்றால் தலை, தலை என்றால் மூளை, ஆகவே மருந்து மூளைக்குள் போக வேண்டும் என்று ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறோம். டிரிப்டான்கள் வேலை செய்வது செரட்டோனின் ஏற்பிகளில் 1பி, 1டி என்ற இரண்டு வகைகள் மேல். அவை மூளையுறை ரத்தக் குழாய்களிலும், முகத்தின் உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பின் முனைகளிலும், அந்த நரம்பின் கணுவிலும் இருக்கின்றன. இந்த இடங்கள் ரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே உள்ளவை. சுமட்ரிப்டான் அந்தத் தடுப்பை அவ்வளவு எளிதில் தாண்டாது, இருந்தும் வலியைக் குறைக்கிறது. 2018-இல் அனுமதி பெற்ற எரினுமாப் போன்ற ஆன்டிபாடிகள் டிரிப்டானைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய மூலக்கூறுகள், மூளைக்குள் நுழைவது மிகச் சொற்பம், அவையும் மைக்ரேனைத் தடுக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. மூளைத்தண்டிலும் டிரிப்டானுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அங்கே எட்டினால் கூடுதல் பலன் கிடைக்குமா என்பது இன்னும் விவாதத்தில் உள்ள கேள்வி. அப்புறம் மூக்குச் சவ்வு முழுக்கப் பரவியிருக்கும் முக்கிளை நரம்பின் கிளைகள், மைக்ரேனில் துடிக்கிற அதே நரம்பைச் சேர்ந்தவை. என் அபிப்பிராயம், "மூளை இலக்கு" என்று மொட்டையாக எழுதுவதைவிட, "வேகமான உறிஞ்சுதல், மூக்கில் கூடுதல் நேரத் தங்கல், முக்கிளை நரம்புக்கும் மூளைக்கும் எவ்வளவு சேருகிறது என்ற அளவீடு" என்று நோக்கத்தை எழுதிக்கொண்டால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பொருள் இருக்கும். கைடு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால் தலைப்பை அவர் இஷ்டப்படி வைத்துவிட்டு, உள்ளே நோக்கத்தை இப்படி எழுதுங்கள்.

கேரியரை மருந்து தேர்வு செய்யட்டும்

லேபில் கைட்டோசான் என்ற பாலிமர் டப்பா இருக்கிறது, அதைத் துகளாக்கும் ட்ரைபாலிபாஸ்பேட் இருக்கிறது, மேக்னடிக் ஸ்டிரர் இருக்கிறது, ஆகவே கைட்டோசான் நானோ துகள். இப்படித்தான் பாதி ப்ராஜெக்ட்கள் பிறக்கின்றன. டிரிப்டான்களுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்: இவை காரத்தன்மை உள்ளவை, பிகேஏ (எந்த பிஎச்சில் மின்னேற்றம் பெறும் என்பதைக் காட்டும் எண்) 9-க்கு மேல், மூக்கின் பிஎச்சான 5.5 முதல் 6.5 வரையில் நேர்மின்னேற்றத்தோடுதான் இருக்கும். கைட்டோசானும் நேர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்போது மருந்து துகளுக்குள் ஏன் தங்க வேண்டும்? பாதி வெளியே கரைசலில் இருக்கும், உள்ளே இருப்பதாகக் கணக்கு காட்டுவதிலும் பெரும்பகுதி மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், ரிலீஸ் சோதனை (மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது) வைத்ததும் முதல் அரை மணியிலேயே கொட்டிவிடும்.

ரிசாட்ரிப்டான் பென்சோயேட் போன்ற உப்பை லிப்பிட் துகளில் அடைக்கப் பார்ப்பதும் இதே கதைதான். தண்ணீரை விரும்பும் உப்பு கொழுப்புக்குள் நிற்காது. ஃப்ரீ பேஸாக (உப்பு நீக்கிய வடிவமாக) மாற்றி எடுக்கலாம், ஆனால் இறுதி பிஎச் 5.5-க்கு வந்ததும் அது மறுபடி அயனியாகி வெளியே ஓடும். துகளின் உள்ளே இருக்கும்போது எந்த வடிவம், வெளியே எந்த வடிவம் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

அப்படியென்றால் எதை எடுப்பது? சோல்மிட்ரிப்டான் பேஸை வைத்து மைக்ரோஎமல்ஷன் (தண்ணீரில் மிதக்கும் நுண் எண்ணெய்த் துளிகள்) அல்லது மிசெல் (சோப்பு போன்ற மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண் உருண்டைகள்) முயலலாம் என்பேன். இரண்டிலும் துகள்களைப் பிரித்துக் கழுவ வேண்டிய வேலை இல்லை, போட்ட மருந்து முழுவதும் பாட்டிலிலேயே இருக்கும், அடர்த்தியும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் உண்டு. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகக் குழு சவ்வில் ஒட்டும் பாலிமர் சேர்த்த சுமட்ரிப்டான் மைக்ரோஎமல்ஷனை எலிகளில் சோதித்து 2006-இல் வெளியிட்டது, மும்பை ஐசிடி (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) குழு 2010-இல் சோல்மிட்ரிப்டான் மிசெல்களை வெளியிட்டது. இரண்டையும் தேடி முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தோடு நிறுத்தாமல்.

செய்யும்போது

முதலில் எண்ணெய்களில் கரைதிறன் பார்க்க வேண்டும். காப்மல் எம்சிஎம், ஓலிக் அமிலம், காப்ரியால் 90 என்று கிடைப்பதை எல்லாம் சின்னச் சின்ன வயல்களில் எடுத்து, மருந்தை அதிகமாகப் போட்டு இரண்டு மூன்று நாள் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்பதில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எச்பிஎல்சி என்ற அளவிடும் கருவியில் பாருங்கள். பிறகு எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் சர்ஃபாக்டன்ட், அதற்குத் துணையாகும் கோ-சர்ஃபாக்டன்ட். ட்வீன் 80, லாப்ரசால், ட்ரான்ஸ்க்யூட்டால் இவைதான் வழக்கமான ஆட்கள். பல விகிதங்களில் கலந்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்த விகிதத்தில் தெளிவாக நிற்கிறது என்று முக்கோண வரைபடம் போட வேண்டும்.

இந்தச் சொட்டு விடும் வேலையில் அவசரப்படாதீர்கள். தொடக்கத்தில் தெளிவாக இருக்கும். தண்ணீர் கூடக் கூட நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று கெட்டியாகி, காந்தத் துண்டு சுற்ற முடியாமல் தடுமாறும். பலர் இங்கேதான் கெட்டுப்போய்விட்டது என்று வயலைக் கொட்டிவிடுகிறார்கள். கையால் கலக்கிக்கொண்டே தொடருங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனதும் கெட்டித்தன்மை விட்டு, நீர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மெல்லிய நீலம் தட்டும். அந்த நீலம்தான் துளிகள் நானோ அளவுக்கு வந்துவிட்டன என்பதற்கு முதல் அடையாளம். பால் போல வெளுத்தால் அளவு பெரிது, அந்த விகிதத்தை விட்டுவிடலாம்.

சர்ஃபாக்டன்ட்டைக் கூட்டினால் அளவு அழகாகக் குறையும், அறிக்கையில் 30 நானோமீட்டர் என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் அது மூக்கின் நுண்மயிர்களைக் கொல்லும். சவ்வு சேதமானால் மருந்து ஊடுருவல் தாறுமாறாகக் கூடும், அதை வெற்றி என்று நினைத்து கிராஃப் போட்டவர்கள் ஏராளம். சர்ஃபாக்டன்ட் எவ்வளவு குறைவாக வைத்தும் எமல்ஷன் நிற்கிறதோ, அதுவே உங்கள் ஃபார்முலா. 200 நானோமீட்டருக்குக் கீழே, பிடிஐ (துளி அளவுகளின் சிதறலைக் காட்டும் எண்) 0.3-க்குக் கீழே என்றால் போதும், அதற்கு மேல் அழகு வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டிஎல்எஸ் (ஒளிச் சிதறலை வைத்து அளவு காணும் கருவி) காட்டும் அளவு எமல்ஷன் துளியின் அளவு. ஸ்ப்ரே பம்பிலிருந்து பறக்கும் துளி அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது, பத்துக் கணக்கான மைக்ரான்களில் இருக்கும். மூக்கில் எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானிப்பது பெரிய துளியும் பம்பும் கோணமும்தான். மனித மூக்கில் வாசனை உணரும் பகுதி மேலே, இடுக்கில், மொத்தப் பரப்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக ஒளிந்திருக்கிறது. சாதாரண பம்ப் அடித்தால் பெரும்பகுதி முன்பக்கத்திலேயே படியும். துகள் நானோவாக இருப்பதால் மட்டும் அது மேலே ஏறிவிடாது.

ஜெல்லும் நம் ஊர் வெயிலும்

மூக்குச் சளி ஓயாமல் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், விட்ட மருந்தில் பாதி பதினைந்து இருபது நிமிடத்தில் தொண்டைக்குப் போய்விடும். அதனால்தான் ஒட்டும் பாலிமர், இன்சிட்டு ஜெல் (மூக்குக்குள் போனதும் ஜெல்லாகும் திரவம்) எல்லாம். எல்லோரும் எடுப்பது பொலாக்ஸமர் 407: சுமார் 18 சதவீதம், குளிர்ந்த தண்ணீரில் தூவி, ஃப்ரிட்ஜில் ஓரிரவு விட்டால் கரையும், மூக்கின் வெப்பமான 32 முதல் 34 டிகிரிக்கு ஜெல்லாகும். பேப்பரில் பிரமாதம். மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறையின் வெப்பம் எவ்வளவு? மூக்கைவிட அதிகம். பாட்டிலுக்குள்ளேயே ஜெல்லாகி, பம்பை அழுத்தினால் ஒன்றும் வராது. ஃப்ரிட்ஜில் வைத்துப் பயன்படுத்த வேண்டிய மருந்து என்று எழுதலாம்தான், ஆனால் மைக்ரேன் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களே அதிகம்.

அதனால் நம் ஊருக்கு ஜெல்லன் கம் சரிப்படும் என்று நினைக்கிறேன். இது வெப்பத்துக்கு அல்ல, மூக்குத் திரவத்தில் உள்ள கால்சியம், சோடியம் அயனிகளுக்கு ஜெல்லாகும். அரை சதவீதத்துக்குள் போதும், பாட்டிலில் நீர்மமாகவே இருக்கும், பம்பிலும் தெளிக்கும். சோதிக்க செயற்கை மூக்குத் திரவம் வேண்டும்: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.45 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.29 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.32 கிராம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜெல்லன் எதிர்மின்னேற்றம் உள்ளது. கைட்டோசான் பூசிய எதையும் அதில் கலந்தால் அப்படியே திரிந்துவிடும்.

ரிலீஸ் டயாலிசிஸ் பையில் வைப்பீர்கள். பக்கத்திலேயே வெறும் மருந்துக் கரைசலையும் அதே மாதிரிப் பையில் வைக்க மறக்காதீர்கள். பை ஒன்றே மருந்தை ஓரளவு தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தையும் சேர்த்து "நீடித்த ரிலீஸ்" என்று எழுதுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆட்டுத் தலை

சவ்வு ஊடுருவலுக்கு ஆட்டு மூக்குச் சவ்வுதான் நமக்குக் கிடைப்பது. கறிக்கடைக்கு முந்தின நாளே போய்ச் சொல்லி வைக்க வேண்டும், எதற்கு என்று கேட்பார், காலேஜுக்கு என்றால் புரிந்துகொள்வார். முக்கியமாகச் சொல்ல வேண்டியது: "தலையை வாட்ட வேண்டாம்ணா." நம் கடைகளில் தலையை வாங்கினால் கேட்காமலே நெருப்பில் வாட்டி, முடி பொசுக்கி, சுரண்டித்தான் கொடுப்பார்கள். குழம்புக்கு அது சரி. சவ்வுக்கு அந்தச் சூடு பட்டால் பரிசோதனை முடிந்தது. சுடுதண்ணீரும் படக்கூடாது. வெட்டியதும் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு நேராக லேபுக்கு வாருங்கள்.

தலையை நடுவில் பிளந்து தரவும் அவரிடமே கேட்டுவிடலாம், நம் லேபில் உள்ள கத்திக்கு அந்த எலும்பு மசியாது. நடுத் தடுப்பில் இருக்கும் சவ்வை ஃபோர்செப்ஸால் மெதுவாகப் பெயர்த்து, பிஎச் 6.4 குளிர்ந்த பஃபரில் போடுங்கள். இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு, கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். ஃப்ரான்ஸ் செல்லில் (சவ்வை நடுவில் வைத்து மேலிருந்து கீழே இறங்கும் மருந்தை அளக்கும் கண்ணாடிக் கருவி) பொருத்திய பிறகு சில செல்களில் மேல்பக்கம் பீனால் ரெட் சாயம் விட்டுப் பாருங்கள். கீழே நிறம் இறங்கினால் ஓட்டை இருக்கிறது, அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். வெப்பம் 34 டிகிரி, 37 அல்ல. மூக்கு உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி.

முடிந்ததும் அதே சவ்வை ஃபார்மலினில் போட்டு ஹிஸ்டோபாத்தாலஜிக்கு (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். பஃபர் மட்டும் பட்ட துண்டு ஒன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பட்டுச் சிதைந்த துண்டு ஒன்று, வெறும் மருந்துக் கரைசல் பட்டது, மருந்தில்லாத எமல்ஷன் பட்டது, உங்கள் ஃபார்முலா பட்டது. இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் ஊடுருவல் கிராஃபை நம்ப வேண்டும்.

எலி சொல்வதும் சொல்லாததும்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு எலியையும் தொடக்கூடாது, விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே தயார் செய்துவிடுங்கள், கூட்டம் எப்போது கூடும் என்பது நம் கையில் இல்லை.

குறைந்தது மூன்று குழுக்கள் வேண்டும்: உங்கள் ஃபார்முலா மூக்கில், அதே டோஸில் வெறும் கரைசல் மூக்கில், ரத்தநாளத்தில் ஊசி. நடுவில் உள்ளதைத்தான் பட்ஜெட் இல்லை என்று வெட்டுவார்கள். அதை வெட்டினால் மூளைக்குப் போனதற்குக் காரணம் மூக்கா, நானோவா என்று கடைசிவரை தெரியாது. வேறு எதையாவது குறைத்துக்கொண்டு இதை வையுங்கள்.

மூளையை எடுக்கும் முன் சலைன் ஓடவிட்டு ரத்தத்தைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மூளையின் ரத்தக் குழாய்களில் நிற்கும் மருந்தும் "மூளைக்குப் போன" கணக்கில் சேரும். வாசனைக் குமிழைத் (வாசனை நரம்புகள் வந்து சேரும் மூளையின் முன்பகுதி) தனியாகவும், மற்ற மூளையைத் தனியாகவும், முடிந்தால் முக்கிளை நரம்பையும் தனியாகவும் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால், குமிழில் மட்டும் குவிந்திருப்பது முழு மூளைக்கும் பரவியது போலத் தோன்றும்.

அப்புறம், மூக்கிலிருந்து நேராக மூளைக்கு எவ்வளவு போனது என்று காட்டும் டிடிஇ, டிடிபி என்ற இரண்டு எண்கள். டிடிஇ எளிது: மூக்கு வழியில் மூளை ஏயூசியை (நேரத்துக்கு எதிராக மருந்தளவு வரைந்த கோட்டின் கீழ்ப் பரப்பு) ரத்த ஏயூசியால் வகுக்க வேண்டும், ஊசி வழியிலும் அப்படியே வகுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நூறுக்கு மேல் வந்தால் ரத்தம் வழியாக வந்ததைவிடக் கூடுதலாக ஏதோ நேராகப் போயிருக்கிறது. டிடிபிக்கு, மூக்கு வழி கொடுத்தபோது ரத்தத்தில் இருந்த அளவு ஊசி விகிதப்படி மூளைக்கு எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கணக்கிட்டு, அதை மொத்த மூளை ஏயூசியிலிருந்து கழித்து, மிச்சம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் வெறும் கரைசல் குழுவுக்கும் போடுங்கள். கரைசலுக்கு டிடிஇ 180, உங்கள் எமல்ஷனுக்கு 200 என்று வந்தால், நானோவின் பங்கு அந்த 20 மட்டுமே, அதுவும் பிழை எல்லைக்குள் அடங்கிவிடலாம்.

எலியின் மூக்கில் ஏறத்தாழ பாதிப் பரப்பு வாசனைச் சவ்வு, அதை மல்லாக்கப் படுக்க வைத்து, மயக்கத்தில், பைப்பெட்டால் சொட்டு விடுகிறோம். மனிதரிடம் அந்தப் பரப்பு எவ்வளவு என்று மேலே சொன்னேன், அவர் உட்கார்ந்தபடி பம்பை அழுத்துவார். ஆகவே முடிவுரையில் "மனிதர்களிலும் மூளைக்கு நேரடியாகச் செல்லும்" என்று எழுதாதீர்கள். எலியில் இந்தக் கரைசலைவிட இந்த ஃபார்முலா இத்தனை மடங்கு, சவ்வுக்கு இந்த அளவு சேதம், ஒரு ஸ்ப்ரேயில் இத்தனை மில்லிகிராம் என்று மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அட்டவணையில் போடுங்கள். மூன்றாவது எண் சின்னதாக இருந்தாலும் போடுங்கள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எப்படியும் கேட்பார்.